வலிக்காத கல்: நீர்க்கடுப்பில் தொடங்கி கிட்னி ஆபரேஷன் வரை

கிட்னியில் கல் என்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டு புரண்டு, நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடவேண்டும் என்றுதான் நம் பக்கத்தில் எல்லோரும் நினைத்திருக்கிறோம். எனக்கு அப்படி ஒரு வலி ஒரு நாளும் வந்ததில்லை. வந்ததெல்லாம் நீர்க்கடுப்பு. வரும், மாத்திரை போட்டால் போகும், ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வரும். இப்படியே இரண்டு வருஷம் ஓடிய பிறகுதான் இடது கிட்னியை அடைத்துக்கொண்டு நாலரை சென்டிமீட்டருக்கு ஒரு கல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கல்லால் இன்ஃபெக்‌ஷனா, இன்ஃபெக்‌ஷனால் கல்லா என்று கேட்டால், என் விஷயத்தில் இரண்டாவது. யூரின் இன்ஃபெக்‌ஷன் கல்லையே உண்டாக்கும் என்று அதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் கத்தாரில், மகள் எட்டாம் வகுப்பு, வீட்டில் வயதான மாமியார். ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, பணம் புரட்டியது, ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான் ஒருத்திதான். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஷிப்மென்ட் நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாது. பாத்ரூம் போகவேண்டி வருமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது எங்கள் செக்‌ஷனில் பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். எரிச்சல் ஆரம்பித்தால் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போவேன். “சூடுதாம்மா, யூரின் இன்ஃபெக்‌ஷன்” என்று ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக்கும், எரிச்சலுக்கு ஒரு சிரப்பும் எழுதித் தருவார்கள். அந்தச் சிரப்பைத் தண்ணீரில் கலந்து இரண்டு வேளை குடித்தால் எரிச்சல் அன்றைக்கே பாதி அடங்கிவிடும். தடவைக்கு ஐந்நூறு, எழுநூறு ரூபாய் ஆகும். சாதாரண யூரின் டெஸ்ட் எடுப்பார்கள், பஸ் செல்ஸ், அதாவது சீழ் அணுக்கள், எவ்வளவு என்று மட்டும் பார்ப்பார்கள். சிறுநீரில் என்ன கிருமி, அது எந்த மருந்துக்கு மசியும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்ற பரிசோதனை முதல் வருஷம் ஒரே ஒரு முறை எடுத்தார்கள். அதில் ஈ.கோலை கிருமி என்று வந்தது. அதற்கு அப்புறம் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அதே கிருமிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கணக்கில் மருந்து போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் வருஷம் சில மாற்றங்கள் வந்தன. சிறுநீரில் ஒரு காட்டமான நெடி. காலையில் போனால் பாத்ரூம் முழுக்க மூக்கில் ஏறும். கலங்கலாகப் போகும். ஒரு தடவை டெஸ்டுக்காக டப்பாவில் பிடித்து வைத்தபோது அடியில் பொடி மணல் படிந்திருந்தது, டப்பாவை ஆட்டினால் மேலே எழும்பி மறுபடி அடங்கியது. இடது பக்கம் விலாவுக்குக் கீழே ஒரு கனம் மட்டும் இருந்தது, வலி என்று சொல்ல முடியாது. சாயங்காலமானால் லேசான குளிர், உடம்பு அசதி. ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. வேலை அதிகம், சாப்பாடு சரியில்லை, இரும்புச்சத்து மாத்திரை போடு என்றார்கள். உங்களுக்கு இதே மாதிரி நீர்க்கடுப்பு, நெடி, கலங்கல், காரணம் தெரியாத அசதி எல்லாம் சேர்ந்து வந்தால் அங்கேயே நின்று ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு எனக்கு ஆயிரம் ரூபாய்தான் ஆனது. அந்த ஆயிரம் ரூபாய் ஸ்கேன் ஒரு வருஷம் முன்னால் எடுத்திருந்தால் லட்சக்கணக்கில் போன பணம் பாதியாவது கையில் நின்றிருக்கும்.

கடைசியில் ஒரு நாள் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டபோது, பக்கத்து சீட்டில் இருக்கும் அக்காதான் வலுக்கட்டாயமாக ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் பார்த்த டாக்டர் இடது பக்கத்திலேயே கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு பெரிய கல்லை வெச்சுக்கிட்டு எப்படிங்க நடமாடறீங்க? வலியே இல்லீங்களா?” என்றார். ரிப்போர்ட்டில் மான் கொம்பு வடிவக் கல் என்று எழுதியிருந்தது. கிட்னிக்குள் சிறுநீர் சேரும் குழிவும் அதிலிருந்து பிரியும் கிளைகளும் என்ன வடிவமோ அதே அச்சில் கல் வளர்ந்து நிரம்பியிருக்கும். குழாயில் இறங்கி அடைத்தால்தான் அந்தத் துடிக்கும் வலி வரும். இந்தக் கல் இறங்காது, இருந்த இடத்திலேயே வளரும். வலி இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத்தான் யோசித்துப் பார்க்கவேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு யூராலஜி டாக்டரைப் பார்க்கப் போனபோது பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் எடுத்துப் போயிருந்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கவரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான். அவர் தேதி வாரியாக மேஜையில் அடுக்கி, பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரு வரியை வட்டம் போட்டார். பி.எச். என்ற வரி. சிறுநீர் அமிலமா காரமா என்று காட்டும் எண் அது, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். முதல் ரிப்போர்ட்டில் 6. பிறகு வந்தவற்றில் 7.5, 8, மறுபடி 8. ஒரு லேப் எண்ணே போடாமல் ‘ஆல்கலைன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அப்புறம் கடைசியில் இருந்த கிரிஸ்டல்ஸ், அதாவது படிகங்கள், என்ற வரிக்கு வந்தார். இரண்டு ரிப்போர்ட்டில் ‘ட்ரிபிள் பாஸ்பேட்’ என்று அச்சாகியிருந்தது. “உங்க கல்லோட பேரு எட்டு மாசம் முன்னாடியே இதுல எழுதியிருக்கும்மா” என்றார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்தத் தாளைப் பார்த்துத்தானே மாத்திரை எழுதினார்கள்! பஸ் செல்ஸுக்கு நாலு வரி தள்ளித்தான் அது இருந்தது.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிறுநீரில் யூரியா நிறைய உண்டு. வயலுக்குப் போடும் யூரியாவும் வேதியியல்படி அதேதான். சில வகை பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. புரோட்டியஸ் என்பது அதில் முக்கியமானது. கிளெப்சியெல்லா, மார்கனெல்லா, பிராவிடென்சியா போன்றவற்றிலும் உண்டு. இந்த நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றும். அம்மோனியா சேரச் சேரச் சிறுநீரின் அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை ஏறும். பி.எச். 7.2க்கு மேலே போனால், சிறுநீரில் சாதாரணமாகக் கரைந்து வெளியே போய்விடும் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அந்த அம்மோனியத்தோடு சேர்ந்து படிகமாகிவிடும். அதற்குப் பெயர் ஸ்ட்ரூவைட், என் ரிப்போர்ட்டில் ‘ட்ரிபிள் பாஸ்பேட்’ என்று இருந்தது இதுதான். கூடவே கால்சியம் சேர்ந்த கார்பனேட் அபடைட்டும் படியும். பஸ் ஸ்டாண்டு கழிப்பிடத்தில் கண்ணைக் கரிக்கும் நெடியும், பீங்கானில் ஏறியிருக்கும் காறையும் எப்படி வருகின்றனவோ அதே கதைதான், என் கிட்னிக்குள் நடந்திருக்கிறது. மற்றக் கற்கள் வளர மாதம், வருஷம் ஆகும். இது சில வாரங்களிலேயே உருவாகிப் பெரிதாகிவிடக்கூடியது.

இதில் இன்னொரு சிக்கல், பாக்டீரியா கல்லின் மேலே மட்டும் இருப்பதில்லை, கல் வளர வளர அதன் அடுக்குகளுக்குள்ளேயே குடியிருக்கும். ஆன்டிபயாடிக் சிறுநீரில் இருப்பதைக் கொல்லும், கல்லுக்குள் இருப்பதைத் தொடாது. மாத்திரை நின்றதும் உள்ளே இருப்பவை வெளியே வரும், மறுபடி இன்ஃபெக்‌ஷன், மறுபடி அம்மோனியா, கல் இன்னும் ஒரு சுற்றுப் பருக்கும். எனக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதற்குக் காரணம் இதுதான். அதற்காக நீர்க்கடுப்பு வந்தவர்கள் எல்லோரும் பயப்படவேண்டாம். யூரின் இன்ஃபெக்‌ஷனில் பெரும்பாலும் வருவது ஈ.கோலை, அதனிடம் பொதுவாக இந்த நொதி கிடையாது. கிட்னிக் கற்களிலும் பெரும்பகுதி கால்சியம் ஆக்ஸலேட்தான். இன்ஃபெக்‌ஷன் கல் நூற்றில் பத்து, பதினைந்துக்குள்தான் என்பார்கள். ஆனால் பெண்களுக்கு அதிகம், நீண்ட நாள் யூரின் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் அதிகம்.

புதிதாக எடுத்த கல்ச்சரில் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்று வந்தது. மருந்துப் பட்டியலில் நைட்ரோஃபுரன்டாயினுக்கு எதிரே ‘ஆர்’ என்று போட்டிருந்தது. ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. நான் கடைசியாக மூன்று தடவை சாப்பிட்டது அதே மருந்து! ஈ.கோலைக்கு அது நல்ல மருந்துதான், புரோட்டியஸ் இயற்கையாகவே அதற்கு அசையாது என்று டாக்டர் சொன்னார். எரிச்சல் அடங்கியது மாத்திரையால் இல்லை, கூடக் கொடுத்த சிரப்பால். அந்தச் சிரப் சிறுநீரைக் காரமாக்குவது. எரிச்சல் தெரியாமல் போகும், ஆனால் ஏற்கெனவே காரமாகிக் கல் படிந்துகொண்டிருக்கும் சிறுநீருக்கு அது எந்த விதத்திலும் வேண்டாத வேலை. நோயையும் மூடி மறைத்துவிடும்.

இந்தச் சிரப் விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே ஒரு வேடிக்கை. என் கொழுந்தனாருக்கும் கல் இருந்தது. அவருக்குச் சர்க்கரை, உடம்பு கனம், வாரத்தில் பாதி நாள் கறி. அவர் சிறுநீரின் பி.எச். 5. யூரிக் அமிலக் கல். பி.எச். 5.5க்குக் கீழே இருந்தால்தான் அந்தக் கல் வரும், சிறுநீரை 6.5, 7க்குக் கொண்டுவந்தால் கத்தி வைக்காமலே கரையும். அவருக்கு அதே மாதிரி சிறுநீரைக் காரமாக்கும் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்தார்கள், சில மாதத்தில் ஸ்கேனில் கல் இல்லை. “அண்ணி, எனக்கு இதுலதான் கரைஞ்சுது, நீங்களும் குடிங்க” என்று இரண்டு பாட்டில் வாங்கி வந்து கொடுத்தார். பாசத்தோடுதான் கொடுத்தார், பாவம். அவருக்கு அமிர்தம், எனக்கு நேர் எதிர். ஒருவருக்குக் கல்லைக் கரைத்த மருந்து இன்னொருவருக்குக் கல்லை வளர்க்கலாம். அதனால் ‘கல் கரைய என்ன சாப்பிடலாம்’ என்று கேட்பதற்கு முன்னால், என்ன கல், சிறுநீரின் பி.எச். என்ன, கிருமி இருக்கிறதா, இருந்தால் எது, இந்த மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கால்சியம் பாஸ்பேட் கல் என்று ஒன்று உண்டு, அதுவும் காரச் சிறுநீரில்தான் வரும். சிட்ரேட் குடிப்பவர்கள்கூட அளவு மீறிப் போகாமல் பி.எச். பார்த்துக்கொண்டே குடிக்கவேண்டும் என்பது இதனால்தான்.

டெஸ்ட் கொடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. கல்ச்சருக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே சாம்பிள் கொடுக்கவேண்டும். ஒரு மாத்திரை போட்டுவிட்டுப் போனால்கூடக் கிருமி வளராமல் ‘நோ குரோத்’ என்று வந்துவிடலாம். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும். வீட்டில் பிடித்துக் கைப்பையில் போட்டு, குழந்தையைப் பள்ளியில் விட்டு, மார்க்கெட் போய், பத்தரை மணிக்கு லேபில் கொடுத்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பக்கூடாது. வெளியில் கிருமி பெருகும், பி.எச்.சும் தானாக ஏறிவிடும். லேபிலேயே பிடித்துக் கொடுப்பது நல்லது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். எனக்கு எழுநூறு ரூபாய் வாங்கினார்கள். அப்புறம், பி.எச். ஒரு தடவை 7 என்று வந்தவுடன் அலறவேண்டாம். சாப்பிட்ட பின்பும், காய்கறியே அதிகம் சாப்பிடுபவர்களுக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். இன்ஃபெக்‌ஷனும் இருந்து, ஒவ்வொரு தடவையும் 7.5, 8 என்றே வந்தால்தான் கேள்வி கேட்கவேண்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் சி.டி. ஸ்கேன், கிட்னி வேலை செய்வதைக் காட்டும் க்ரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, இரண்டு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்க்கும் ரீனோகிராம். இடது கிட்னி 31 சதவீதம் என்று வந்தது. பத்து, பதினைந்துக்குக் கீழே போயிருந்தால் கல்லோடு கிட்னியையும் எடுக்கத்தான் யோசித்திருப்பார்கள் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. போனில் அவரிடம் அழுதால் அவர் அங்கே என்ன செய்வார் என்று, கல் இருக்கிறதாம், எடுத்துவிடலாமாம் என்று மட்டும் சொன்னேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் இந்த எழுத்தால் பயனில்லை. என் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்கு மேல் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கிடையாது. தனியார் பாலிசி ஒன்று எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கிட்னிக் கல்லுக்கு இரண்டு வருஷம் காத்திருப்புக் காலம் என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். பல பாலிசிகளில் இந்தப் பிரிவு இருக்கிறது, ஏஜென்ட் வாயால் சொல்லமாட்டார், நீங்கள் தேடிப் படிக்கவேண்டும். ஆஸ்பத்திரியில் பேக்கேஜ் 1,10,000 என்றார்கள். ஐ.சி.யூ. சேர்ந்து பில் 2,35,000 ஆனது. இரண்டாவது முறை உள்ளே போனதற்குத் தனியாக அறுபதாயிரம். டெஸ்ட், ரூம், போக்குவரத்து, சம்பளமில்லா லீவு எல்லாம் சேர்த்தால் மூன்றரை லட்சத்தைத் தொட்டது. நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. பேக்கேஜ் என்றால் எதெல்லாம் அடங்கும், ஜுரம் வந்து ஐ.சி.யூ. போனால் யார் கணக்கு, இரண்டாவது தடவை தேவைப்பட்டால் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். இன்ஃபெக்‌ஷன் கல்லில் இந்த இரண்டும் நடக்க வாய்ப்பு அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில், கோவை, மதுரை, சென்னையில் எல்லாம், யூராலஜி பிரிவு இருக்கிறது. வரிசையில் காத்திருக்க ஆள் துணை இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தத் துணை இல்லை.

முதுகுப் பக்கம் ஒரு சிறு துளை போட்டுக் கிட்னிக்குள் குழாய் விட்டு, கல்லை உடைத்து எடுக்கும் முறை. பி.சி.என்.எல். என்பார்கள். இவ்வளவு பெரிய கல்லுக்கு வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்கும் சிகிச்சை மட்டும் போதாது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வாரம் கல்ச்சர்படி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு நாளைக்கே ஆபரேஷன் என்று சொல்லும் இடம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்படிக் கொடுத்தும் அன்று ராத்திரி எனக்குக் குளிர் ஜுரம் தூக்கியடித்தது, பி.பி. இறங்கியது. கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம், நாலு போர்வையும் போதவில்லை. கல்லை உடைக்கும்போது உள்ளே அடைந்திருந்த கிருமியும் அதன் நஞ்சும் ரத்தத்தில் கலப்பதால் வருவது இது. எடுத்த கல்லையே கல்ச்சருக்கு அனுப்பியிருந்தார்கள், அதில் புரோட்டியஸோடு இன்னொரு கிருமியும் வளர்ந்தது, சிறுநீர் கல்ச்சரில் அது இல்லை. மருந்தை மாற்றியது அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். ஆபரேஷனுக்கு முன் ‘கல்லைக் கல்ச்சருக்கு அனுப்புவீங்களா டாக்டர்’ என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாய் வைத்து அனுப்புவார்கள். அதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. சிறுநீர் போகும்போது முதுகில் சுண்டி இழுக்கும், அடிக்கடி முட்டிக்கொண்டு வரும், மாடிப்படி ஏறினால் ரத்தம் கலந்து போகும். இவை சகஜம். சகஜமில்லாதது ஜுரமும், நீர் நின்றுபோவதும். எடுக்கவேண்டிய தேதியைக் காலண்டரில் எழுதி ஒட்டுங்கள். என்னைப் போல இன்ஃபெக்‌ஷன் கல்காரர்களுக்கு அந்தக் குழாயிலேயே கல் படிந்துவிடும். என் பக்கத்து வார்டு அம்மா ஒருவர் மறந்துபோய், குழாயை எடுக்கவே தனி ஆபரேஷனுக்கு வந்திருந்தார்.

கல் துண்டுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதைக் கல் பகுப்பாய்வுக்கு அனுப்பவேண்டும். அகச்சிவப்புக் கதிர் முறையில் செய்யும் லேபாகப் பாருங்கள். எனக்கு 1,800 ரூபாய் ஆனது. பெரும்பகுதி ஸ்ட்ரூவைட், மீதி கார்பனேட் அபடைட் என்று வந்தது. நடுவில் ஆக்ஸலேட் கலந்திருந்தால் முதலில் சாதாரணக் கல் வந்து, அதில் கிருமி ஏறியது என்று அர்த்தமாம். அப்படியானவர்களுக்கு 24 மணி நேர யூரின் பரிசோதனை முக்கியம். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, அதற்குப் பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை அத்தனையும் கேனில் பிடிக்கவேண்டும். இன்ஃபெக்‌ஷன் முழுக்கப் போன பிறகே செய்யவேண்டும், கிருமி இருந்தால் சிறுநீரில் இயல்பாக இருக்கும் சிட்ரேட்டின் கணக்கே தப்பாக வரும்.

கைவைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளை, நெருஞ்சில், பார்லி எல்லாம் எனக்கும் வந்து சேர்ந்தன. தண்ணீர் உள்ளே போகிறது என்ற அளவில் நல்லது, நாலரை சென்டிமீட்டர் ஸ்ட்ரூவைட்டை அவை ஒன்றும் செய்யாது. சிறுநீரை அமிலமாக்கினால் போதுமே என்று ஒருவர் வைட்டமின் சி மாத்திரையை அள்ளிப் போடச் சொன்னார். அது உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறி வேறு கல்லைக் கொண்டுவரும், கிருமி இருக்கும்வரை அம்மோனியா சுரந்துகொண்டேதான் இருக்கும். கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துகிறார்கள், அதுவும் வேண்டாம். சாப்பாட்டோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பைக் குறைப்பதும், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிப்பதும்தான் எல்லா வகைக் கல்லுக்கும் பொது. திருப்பூர் வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கும் மேலே குடிக்கவேண்டியிருக்கிறது.

இரண்டு விஷயம் அவசரமாகத் தெரிந்திருக்கவேண்டும். கல் இருப்பவர்களுக்கு நடுங்கும் குளிர் ஜுரம் வந்தால், அதுவும் விலாவில் வலியோடு வந்தால், வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்கும் சமாச்சாரம் இல்லை. அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்கியிருக்கலாம், மணிக்கணக்கில் உயிர் போகும். அன்றைக்கே ஸ்டென்ட்டோ முதுகு வழியாகக் குழாயோ வைத்து வடிக்கவேண்டும், கல்லைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். அடுத்தது, வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு யூரின் டியூப் போட்டிருந்து, அது வெள்ளைப் பொருக்குப் படிந்து அடிக்கடி அடைத்துக்கொண்டால், டியூபை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். புரோட்டியஸ் இருக்கும்போது டியூப் அப்படித்தான் அடைக்கும். கல்ச்சரும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள்.

என் நிலவரம்: கீழ்க்கிளையில் 4 மில்லிமீட்டர் துண்டு ஒன்று மிச்சமிருக்கிறது. இன்ஃபெக்‌ஷன் கல்லில் சின்னத் துண்டைக்கூட விட்டுவைப்பது நல்லதில்லை, அதிலிருந்தே திரும்ப வளரும் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். குறைந்த அளவு ஆன்டிபயாடிக் மூன்று மாதம் கொடுத்து நிறுத்தியாயிற்று. இப்போதைக்குக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, பி.எச். 6. அடுத்த ஸ்கேனில் துண்டு அரை மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் லேசர் வைத்து எடுத்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பாலிசியின் காத்திருப்புக் காலம் அதற்குள் முடிந்துவிடும். ஆனால் முன்பே இருந்த நோய் என்று சொல்லித் தட்டிவிட வாய்ப்பிருப்பதால், டிஸ்சார்ஜ் சம்மரி, கல்ச்சர், கல் பகுப்பாய்வு எல்லாவற்றையும் காட்டி எது கிடைக்கும், எது கிடைக்காது என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.